கூட்டல் குறிக்குக் கீழே

பாயான் லெப்பாஸ், நாலாவது மாடி.
இரவு பதினொன்றுக்குமேல்
குளிர்சாதனம் பதினாறில் நிற்கும்.
எங்கள் ஊரில் கிடைக்கும் பனிக்காலம் அவ்வளவுதான்.

திரையில் வடநாட்டுக் காட்டுத்தரை,
வெள்ளைக் குழாய்ச் சட்டத்துக்குள் ஒரு மீட்டர் சதுரம்.
அதன்மேல் நூறு கூட்டல் குறிகள்.
குறியின் அடியில் எது இருக்கிறதோ
அதற்கு ஓர் எண் தட்ட வேண்டும்.
அகல இலை ஒன்று. ஊசியிலை இரண்டு.
பாசி மூன்று. புல் பூண்டு நான்கு.
பட்ட கட்டை ஐந்து. உதிர்ந்த சருகு ஆறு.
வெறும் மண் என்றால் பூஜ்யம்.
படத்துக்கு முப்பத்தைந்து காசு.

அகல இலை என்றால் ஆஸ்பென்.
காம்பு தட்டை, அதனால்
காற்றில்லாதபோதும் நடுங்குமாம்.
அட, நம் அரசுதானே என்று
முதல் நாளே பெயரை மாற்றிக்கொண்டேன்.
ஸ்புரூஸுக்குச் சவுக்கு.
பக்கத்து நாற்காலி ஃபௌசியா சிரித்தாள்:
சவுக்கில் இருப்பது ஊசியே இல்லையாம்,
கணுக்கணுவாய்க் கழலும் தண்டாம்.
கடலோரத்தில் வளர்ந்தவள், இழுத்து இழுத்து விளையாடியிருக்கிறாள்.
இருந்தாலும் என் விரலுக்கு அது சவுக்குதான்.

இன்றைக்கு எழுபத்திரண்டாம் சதுரம்.
ஆண்டுக்கு ஒரு படம், பத்தொன்பது ஆண்டு.
பலருக்கும் பிரித்துப் போட வேண்டிய கோப்பு
ஏதோ குழப்பத்தில் முழுதாக என்னிடம் வந்துவிட்டது.

முதல் படத்தில் கரி.
கரிக்கு எண் இல்லை, பூஜ்யம் போட்டேன்.
மறு ஆண்டே செந்தளிர்கள்.
விதையிலிருந்து வந்தவை அல்ல,
வெந்த மண்ணுக்குள் வேகாமல் கிடந்த வேரிலிருந்து.
அந்தச் சரிவு முழுவதும் ஒரே வேராம்.
ஒன்று ஒன்று ஒன்று என்று தட்டிக்கொண்டே போனேன்.
இடையிடையே ஊதாப் பூ,
எரிந்த இடத்தில் முந்திக்கொண்டு வருவது.
தீப்பூண்டு என்று பெயர் வைத்தேன்.
பெயருக்குக் கூலி கிடையாது. நான்கு.

எட்டாம் ஆண்டில் ஆஸ்பென்
சட்டத்தை விட்டு மேலே போய்விட்டது.
கேமரா தரையைத்தானே பார்க்கிறது!
காட்டிலேயே உயரமானது
இனி எங்கள் கணக்கில் வெறும் சருகு.
ஆறு ஆறு ஆறு.

பத்தாம் ஆண்டில் குறுக்கே விழுந்து கிடந்தது,
தீயில் பட்டு நின்றிருந்த ஒரு பழைய அடிமரம்.
ஐந்து.
பதினான்கில் அதன் முதுகில் பாசி.
பதினேழில், பெரிதாக்கிப் பார்த்தேன்,
தீக்குச்சி உயரத்தில் ஒரு சவுக்கு,
இல்லை, ஸ்புரூஸ்.
நேர் மேலே கூட்டல் குறி.

கன்று பாசியின்மேல், பாசி கட்டையின்மேல்.
இரண்டா, மூன்றா, ஐந்தா?
மேற்பார்வை சியா ஹூனுக்கு எழுதிக் கேட்டேன்.
பதில் உடனே வந்தது:
முதலில் தட்டுப்படுவது மட்டும். யோசிக்க வேண்டாம்.

இரண்டு.
கட்டை கணக்கிலிருந்து போயிற்று.

இன்னொன்றையும் கேட்டிருப்பேன்.
எல்லாப் படத்திலும் இடது மூலையில்
ஒரு காலணியின் நுனி.
பழுப்புத் தோல், தையல் விட்டு
கறுப்பு டேப் ஒட்டியது.
பதிமூன்று ஆண்டும் அதே டேப்.
பதினான்கில் பச்சை ரப்பர் காலணி, அளவில் சிறியது.
அடையாள அட்டையில் எழுத்தும் வேறு,
ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு போடும் கை.
அந்த மூலையில் எந்தக் குறியும் விழுவதில்லை.

ஆறரைக்கு வெளியே வந்தால்
கண்ணாடி வேர்க்கிறது.
பஸ் நிறுத்தத்தில் இரவு மழை உதிர்த்த அங்சானாப் பூ,
நடைபாதை முழுக்க மஞ்சள்.
குறிகள் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.
பூவுக்கு என்ன எண் என்று
யாரும் சொல்லித் தரவில்லை எங்களுக்கு.
பூ, ஈரச் சீட்டு, சிகரெட் துண்டு,
சிமெண்டு வெடிப்பில் பெயர் தெரியாத ஒரு செடி,
ஓரத்தில் என் செருப்பின் நுனி.

துடைப்பம் இழுக்கும் சத்தம் நெருங்கி வருகிறது.
பஸ் இன்றைக்கும் தாமதம்.